இருபதடித் தாமதம்

பிழைப்பை நாடி வங்கத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள், தாம் விட்டு வந்த ஊர் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கிலோமீட்டரால் அளந்ததேயில்லை. நமக்கு முன் வந்த பெரியோர்கள் அதை அஞ்சலட்டையால் அளந்தார்கள். போட்ட கடிதத்துக்கு மறுமொழி வர எத்தனை நாளாகும் என்பதே அவர்களுக்குத் தூரம். அடுத்து வந்தவர்கள் டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த மணிக்கணக்கால் அளந்தார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள் எஸ்.டி.டி. கூண்டுகளின் முன்னே, கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காக வரிசையில் நின்று, சிவந்த எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நலம் விசாரித்தார்கள். இன்று லேக் கார்டன்ஸில் குடியிருக்கும் நம்மைப் போன்றோர்க்குத் தூரம் என்பது கைப்பேசித் திரையின் நடுவே சுழலும் ஒரு சிறு வட்டம். அது சுழலத் தொடங்கினால் ஊர் தொலைவாகிறது. நின்றால் அருகில் வந்துவிடுகிறது.

அந்த வட்டத்தைப் பற்றித்தான் இம்மாதம் எழுத எண்ணினோம். சங்கத்தின் கூட்டங்களுக்கு வரும் அன்பர்கள், மழையையும் மீன் விலையையும் பேசி முடித்தபின் தவறாமல் பேசுவது, “வீட்டில் நெட் மெதுவாக இருக்கிறது” என்னும் குறையே. அதற்கு அடுத்தபடியாகக் கிடைக்கும் அறிவுரைகளும் இரண்டே. கம்பெனியை மாற்று என்பது ஒன்று. பெரிய திட்டத்துக்குப் போ என்பது மற்றொன்று. இரண்டிலும் செலவு உறுதி. பயன் உறுதிதானா என்று ஆராய்ந்தவர் சிலரே.

நாம் பொறியாளர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வேயில் எழுத்தர் வேலைக்கு வந்தவர்கள். ஆனால் தாமதம் என்னும் பொருளில் நமக்கு ஓரளவு பழக்கம் உண்டு. நம் அலுவலகத்தில், ‘வண்டி நாற்பது நிமிடம் தாமதம்’ என்று மட்டும் எழுதி ஒரு குறிப்பை மேலே அனுப்பினால், அது அன்று மாலைக்குள் திரும்பி வந்துவிடும். எந்த இரண்டு நிலையங்களுக்கு இடையே தாமதம்? எத்தனை நிமிடம்? கைகாட்டி விழாமையாலா, முன்னே சரக்கு வண்டி நின்றதாலா, எஞ்சின் கோளாறா? இவற்றுக்கு விடை எழுதினாலன்றி அக்குறிப்புக்கு மதிப்பில்லை. வண்டி ஓர் இடத்தில்தான் நின்றிருக்கும். வழி நெடுகிலும் நின்றிருக்க முடியாது. வீட்டு இணையத்துக்கும் இதே விசாரணை பொருந்தும் என்பது நமது துணிபு.

முதலில் தூரத்தின் மீதுள்ள பழியைப் போக்கிவிடுவோம். ஹௌராவிலிருந்து சென்னை சென்ட்ரல்வரை இருப்புப்பாதை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். இப்போது சாலிமாரிலிருந்து புறப்படும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அதைக் கடக்க ஒரு பகலும் ஓர் இரவும் எடுத்துக்கொள்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளியோ நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். ஆகவே சென்னையை அது சென்றடைய வேண்டிய நேரம், ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் எட்டுப் பங்கு. இன்னும் 650 கிலோமீட்டர் தெற்கே நெல்லைவரை நீட்டினாலும் பன்னிரண்டு பங்கைத் தாண்டாது. கம்பி நேர்வழியே செல்லாமல் ஊர் சுற்றிப் போகிறது என்று வைத்து, இதை மூன்று மடங்காக்கினாலும் கண் இமைக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட ரெயில்டெல் நிறுவனம், தண்டவாளங்களை ஒட்டி 60,000 கிலோமீட்டருக்கு மேல் இத்தகைய இழைகளை விரித்திருக்கிறது. நம் வீட்டுப் பேச்சு அவ்வழியே போகிறதா, வேறு வழியே போகிறதா என்பது இருக்கட்டும். ரயில்வே ஊழியன் வீட்டுப் பேச்சு தண்டவாளத்தின் ஓரமாகவே போகிறது என்று எண்ணிக்கொள்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

நகரத்தின் மீதும் பழி சொல்ல இயலாது. நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று, ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு டில்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசியதேயாகும். அதற்கு இரண்டே வாரம் கழித்து, ஆகஸ்டு 15 அன்று, வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நகரங்களுள் கல்கத்தாவும் ஒன்று. நான்காம் தலைமுறைக் கைப்பேசிச் சேவையும் 2012 ஏப்ரலில் நாட்டிலேயே முதலாவதாக இங்கேதான் வந்தது. இத்தனை முதன்மைகள் பெற்ற ஊரில், லேக் கார்டன்ஸ் சந்து ஒன்றில் வட்டம் சுழல்கிறதென்றால், கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

நிற்க. இந்த விசாரணையில் நாம் இறங்கியது பொழுதுபோக்குக்காக அன்று. பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கும் நம் தாயாருக்குச் சில ஆண்டுகளாகக் காது மந்தம். காதில் வைக்கும் கருவி வாங்கிக் கொடுத்தும் அதை அவர் பெரும்பாலும் அலமாரியிலேயே வைத்திருக்கிறார். பேசுபவர் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துக்கொள்ளும் வித்தை மட்டும் அவருக்கு எப்படியோ கைவந்துவிட்டது. நேரில் பேசுகிறவர்கள் அவருக்குக் காது மந்தம் என்பதையே அறிய மாட்டார்கள். வீடியோ அழைப்பிலும் அப்படித்தான் சமாளித்து வந்தார். வட்டம் சுழலத் தொடங்கிய பிறகு அது நடக்கவில்லை. “வாய் ஒரு பக்கம் அசையுது, சத்தம் பொறவுதான் வருது” என்றார் ஒருநாள். வேறொருநாள், “நீ நல்லா இருக்கல்லா, அது போதும்யா, வச்சிரு” என்று அவரே முடித்துவிட்டார். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர் மூன்று நிமிடத்துக்கு வந்தார். எட்டு வயதுப் பேத்தி கதை சொல்ல உட்கார்ந்தால், பாதியில் படம் உறைந்துபோகும். ஆச்சி சும்மா சிரித்துத் தலையை ஆட்டுவார். அவர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டுகிறார் என்பது குழந்தைக்குத் தெரிந்துபோயிற்று. அதுதான் நம்மை உறுத்தியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இணைப்பு மெலியும்போது, வீடியோ அழைப்புச் செயலிகள் படத்தைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கும். குரலைக் கடைசிவரை காப்பாற்ற முயலும். காது நன்றாகக் கேட்போருக்கு இது நல்ல ஏற்பாடு. நம் தாயாருக்கோ தலைகீழாகிவிட்டது. அவருக்கு வேண்டாத குரல் போய்ச் சேருகிறது. வேண்டிய உதடுகள் மங்கலாகி நின்றுவிடுகின்றன. ஆகவே பிறர் வீட்டில் ‘பேச முடிகிறதே, போதும்’ என்று பொறுத்துக்கொள்ளக்கூடிய இணைப்பு, நம் வீட்டுக்குப் போதவில்லை.

அழைப்பில் குறை என்றால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யாருக்கு யார் மங்கலாகத் தெரிகிறார்கள் என்பது. நாம் அவருக்குச் சிதைந்து தெரிந்து, அவர் நமக்குத் தெளிவாகத் தெரிந்தால், நம் வீட்டிலிருந்து மேலே ஏறும் வழியிலோ அவர் வீட்டில் கீழே இறங்கும் வழியிலோ தடை. இதற்கு எதிரிடையானால் எதிரிடை. அடுத்து, அதே இடத்தில் அமர்ந்தபடி மூன்றாமவர் ஒருவரை அழைத்துப் பார்க்க வேண்டும். நாம் மதுரையிலுள்ள நண்பரை அழைத்தோம். அவருக்கும் நாம் சிதைந்தே தெரிந்தோம். ஆகவே நம் பக்கத்தில் தாமதம் உண்டு என்பது நிச்சயமாயிற்று. நெல்லைப் பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தோம்.

இரண்டாவது, கம்பியில்லாததைக் கம்பியோடு ஒப்பிடுவது. இதை யாரும் செய்வதில்லை. செய்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். மடிக்கணினியை ரௌட்டர் பெட்டியோடு ஒரு கம்பியால் இணைத்து, மற்றெல்லாக் கருவிகளின் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேகத்தை அளக்க வேண்டும். பிறகு கம்பியை எடுத்துவிட்டுப் பெட்டியின் அருகிலேயே அமர்ந்து வைஃபையில் அளக்க வேண்டும். பின்னர் வழக்கமாக நாம் பேசும் இடத்துக்குப் போய் அளக்க வேண்டும். விடியற்காலை, பிற்பகல், இரவு ஒன்பது மணி என மூன்று வேளையும் இதைச் செய்து, ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதிவைத்தோம். நம் திட்டம் 50. விடியற்காலையில் கம்பியில் 48 வந்தது. பெட்டியருகே வைஃபையில் 46. பின்னறை மேசையில் 6. அங்கிருந்து மேலே ஏறும் வேகம் ஒன்றரை. கம்பெனியின் விற்பனையாளர் நம்மிடம் 200 திட்டத்துக்கு மாறச் சொல்லிப் பலமுறை தொலைபேசியில் வற்புறுத்தியிருந்தார். நல்ல வீடியோ அழைப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூன்று இருந்தாலே போதும். பெட்டிவரை 48 வந்து, இருபதடி தள்ளி 6 ஆகிவிடுகிற வீட்டில், 200 வந்தாலும் அந்த இருபதடியில் அது என்ன ஆகும்? நோட்டைப் பார்த்துவிட்டு இல்லாள் கேட்ட கேள்வி இது.

இந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ரசீதில் 50 எம்.பி.பி.எஸ். என்று இருப்பது மருத்துவப் பட்டமன்று. நொடிக்கு ஐந்து கோடி பிட் என்பது பொருள். ஆனால் கணினியில் ஒரு படத்தை இறக்கும்போது திரையில் காட்டும் எண் பைட் கணக்கு. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகையால் 50 வாங்கியவருக்குத் திரையில் ஆறேகால் தெரிந்தால் அவர் முழுச் சரக்கையும் பெற்றுவிட்டார். படியையும் மரக்காலையும் குழப்பிக்கொண்டு கடைக்காரரோடு சண்டையிட்டவர் கதையாக, இதை வைத்துக் கம்பெனியோடு சண்டையிடுவோர் பலர். இன்னொன்று: 2004-ஆம் ஆண்டுக் கொள்கையில் 0.256 எம்.பி.பி.எஸ். இருந்தாலே அகலப்பாட்டை எனலாம் என்றிருந்தது. 2023-இல் அது 2 என உயர்த்தப்பட்டது. சட்டப்படி பார்த்தால் நம் பின்னறையும் இறங்கு வேகத்தில் தேறிவிடுகிறது!

இப்போது அந்த இருபதடிக்கு வருவோம். நாம் குடியிருப்பது ஒரு பழைய மாடி வீடு. சுவர்கள் பத்து அங்குலச் செங்கல். தெருக் கம்பத்திலிருந்து இழை உள்ளே நுழையும் சன்னலின் அடியிலேயே, தரையோடு தரையாக, பெட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருந்தார் இணைப்புக் கொடுத்தவர். கம்பி மிச்சம், வேலை மிச்சம்! அதற்கும் பின்னறைக்கும் நடுவே இரண்டு சுவர்கள், வீட்டுக்காரர் நகர்த்தக் கூடாதென்று விட்டுப்போன ஓர் இரும்பு அலமாரி, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி.

சுவரை ஊடுருவும் அலைகளைப் பற்றிக் கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு பேசுவோர் ஜகதீச சந்திர போஸை மறக்கலாகாது. 1895-ஆம் ஆண்டில், இதே நகரின் டவுன் ஹாலில், கூடியிருந்தோர் முன்னிலையில், கண்ணுக்குத் தெரியாத மின் அலைகளைச் சுவர்களுக்கு அப்பால் அனுப்பி, மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார் அவர். வைஃபைக்குரிய முதல் தரவரையறை வெளிவந்தது 1997-இல், நூறாண்டுக்கும் பிறகு. டவுன் ஹாலில் அலைகள் சுவரைக் கடந்தன என்பது உண்மை. ஆனால் கடக்கும் ஒவ்வொரு சுவரும் சுங்கம் வாங்காமல் விடுவதில்லை. செங்கல் கொஞ்சம் வாங்கும். ஈரம் ஊறிய செங்கல் கூடுதலாக வாங்கும். தண்ணீர்த் தொட்டியும் குளிர்சாதனப் பெட்டியும் மேலும் வாங்கும். இரும்பும், பின்புறம் உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் அலையைத் திருப்பியே அனுப்பிவிடும். ஆளுயரக் கண்ணாடியில் இல்லாளும் குழந்தையும் முகம் பார்த்ததைப் போலவே வைஃபையும் முகம் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

அலமாரியை நகர்த்த அனுமதியில்லை. ஆகவே பெட்டியை நகர்த்தினோம். சாந்தினி சந்தைக்குப் போய், நீளமான கம்பி ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவந்து, கதவு நிலைகளின் மேலாக ஓட்டி, நடு அறைச் சுவரில் ஆறடி உயரத்தில் ரௌட்டரை மாட்டினோம். கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தது, சுவரில் செருகினால் போதும் என்னும் ரிப்பீட்டர். அதை வேண்டாமென்றோம். ஒரே அலைவரிசையில் கேட்டதை மறுபடி சொல்லும் கருவி, கேட்கும் நேரத்தில் பேசவும் பேசும் நேரத்தில் கேட்கவும் முடியாமல், வேகத்தில் ஏறத்தாழப் பாதியை விழுங்கிவிடும். வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால், அலை நன்றாக எட்டும் நடுவழியில் அதை வைக்க வேண்டும். அலை எட்டாத மூலையில் வைப்பது, தமக்கே செய்தி வராத இடத்தில் தூதரை நிறுத்துவது போன்றது. கம்பி வாங்கும்போது அதன் தலைப்பில் எட்டு இழைகளும் ஒழுங்காகப் பொருந்தியுள்ளனவா என்று பார்த்துக்கொள்க. 100 வேகத்துக்கு நான்கு இழை போதும். அதற்கு மேலே போக எட்டும் வேண்டும். பெரிய திட்டம் வாங்கியும் 100-ஐத் தாண்டாமல் நிற்கும் வீடுகள் சிலவற்றில், காரணம் ஓர் ஒடிந்த இழையாகவோ, 100-க்கு மேல் அறியாத பழைய ரௌட்டராகவோ இருக்கும்.

அடுத்து அக்கம்பக்கத்தார். கைப்பேசியில் வைஃபைப் பட்டியலைத் திறந்தால், நம் மேசையிலிருந்தே இருபத்துமூன்று வீட்டுப் பெட்டிகள் தெரிந்தன. ஒன்றின் பெயர் ‘மாச்சேர் ஜோல்’. மீன் குழம்பின் பெயரை ரௌட்டருக்குச் சூட்டிய அந்த வங்க அன்பர் யாரென்று அறிய நமக்கு இன்றுவரை ஆவல். இத்தனை பெட்டிகளும் 2.4 கிகாஹெர்ட்சில் பேசினால், அது மீன் சந்தையேதான். அங்கே ஒன்றோடொன்று மோதாத வழித்தடங்கள் மூன்றுதாம்: 1, 6, 11. அடுப்படியில் மைக்ரோவேவ் அடுப்பு உள்ளவர்கள், அதுவும் அதே பகுதியில்தான் இரைகிறது என்பதை நினைவில் கொள்க. சோறு சூடாகும் இரண்டு நிமிடமும் அழைப்பு தடுமாறும். 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வழித்தடங்கள் பல, நெரிசல் குறைவு, வேகம் மிகுதி. ஆனால் அதன் அலைநீளம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். மற்றதற்கோ பன்னிரண்டுக்குச் சற்று மேல். குறுகிய அலைக்குச் சுவரைக் கடக்கும் திறன் குறைவு. பெட்டி நடு அறைக்கு வந்தபின் பின்னறைக்கு ஒரே சுவர்தான். ஆகவே அழைப்புக்குரிய கைப்பேசியை 5-லும், பழைய கருவிகளை 2.4-லும் விட்டோம். பின்னறையில் இறங்கு வேகம் 41 ஆயிற்று.

இத்தோடு முடிந்ததென்று எண்ணியிருந்த வேளையில், மாலை ஏழு மணி அழைப்பு மட்டும் தொடர்ந்து தடுமாறியது. இதுவே இந்த விசாரணையில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி.

ஒற்றைத் தடத்தில் சரக்கு வண்டி முன்னே போனால், பின்னால் வரும் விரைவு வண்டியின் எஞ்சின் எவ்வளவு உயர்ந்ததாயினும் பயனில்லை. இதை ரயில்வேயில் கடைநிலை ஊழியரும் அறிவர். நம் வீட்டில் மாலை ஆறரை மணிக்கு மேல் எல்லோரும் திரும்பிவிடுவோம். வாசற்படி ஏறியதும் ஒவ்வொரு கைப்பேசியும் வீட்டு வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தவுடன், பகலெல்லாம் எடுத்த புகைப்படங்களையும் படச்சுருள்களையும் தொலைவிலுள்ள சேமிப்பகத்துக்குத் தானாகவே ஏற்றத் தொடங்கும். அதுதான் சரக்கு வண்டி. மேலேறும் தடம் நிறைந்ததும், ரௌட்டர் மற்ற எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்துகிறது. வரிசை நீளமானால், நம் முகம் வரிசையின் கடைசியில் நிற்கிறது. வேகம் அளந்து பார்த்தால் எண் குறைவாகவே தோன்றாது. ஏனெனில் தடத்தில் சரக்கு முழுவேகத்தில்தான் ஓடுகிறது. காத்திருக்கும் நேரம்தான் கூடியிருக்கிறது. இதைக் காட்டிக்கொடுப்பது ‘பிங்’ என்னும் அளவு. ஒரு சிறு செய்தி போய்த் திரும்பும் நேரம் அது. தடம் காலியாக இருந்தபோது அது ஆயிரத்தில் முப்பது பங்கு நொடியாக இருந்தது. மாலை ஏழுக்கு நானூறைத் தாண்டிற்று. உதட்டசைவு முன்னும் குரல் பின்னுமாகப் பிரிந்த அம்மாவின் புகாருக்கு நேரான சாட்சியம் நோட்டில் கிடைத்துவிட்டது.

சரக்கு வண்டியை இரவுக்குத் தள்ளிவைப்பதுதான் பழைய வழி. எல்லாக் கைப்பேசிகளிலும் அந்தத் தானியங்கி ஏற்றத்தை நிறுத்திவைத்து, படுக்கப்போகும்போது மட்டும் திறந்துவிடுவது என்று வீட்டில் ஒப்பந்தம் ஆயிற்று. சில ரௌட்டர்களில் எந்தப் போக்குவரத்துக்கு முதலிடம் என்று வரையறுக்கும் வசதியும் உண்டு. நம் பெட்டியில் அது இல்லை.

பெட்டியை அணைத்துப் போடுவது, கடவுச்சொல்லை மாற்றுவது ஆகிய இரண்டையும் எல்லோரும் அறிவர், அதனால் விரிக்கவில்லை. அணைத்துப் போட்டதும் நன்றாகி, மறுநாளே பழையபடி ஆனால், அது மருந்தன்று, தைலம் தடவியதே.

வெளியே உள்ள கோளாறு எப்படித் தெரியும்? பெட்டியோடு கம்பியால் இணைத்து அளந்தபோதும் வேகம் குறைந்தால் தெரியும். நாள்தோறும் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை மட்டும் குறைந்தால், தெருவிலுள்ள பல வீடுகளுக்கும் பொதுவான வழியில் நெரிசல் என்று கொள்ளலாம். ஒரே இழையின் கொள்ளளவை முப்பது, அறுபது வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. மழை நாளில் மட்டும் குறைந்தால் இணைப்பு முனையில் ஈரம் புகுந்திருக்கும். இழையைக் கூர்மையாக மடக்கிக் கதவிடுக்கில் நுழைத்திருந்தாலும் ஒளி மடிப்பில் கசிந்துவிடும். பெட்டியில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவந்தால் ஒளியே வரவில்லை. வீட்டுக்குள் எதையும் தொட வேண்டாம். கல்கத்தாவில் இழைகள் பெரும்பாலும் கம்பங்களிலும் மரக்கிளைகளிலும் தொங்குகின்றன. சித்திரை, வைகாசியில் கால்பைசாகிப் புயற்காற்று கிளைகளை ஒடிக்கும். செப்டம்பரில் விசுவகர்மா பூசையன்று மொட்டைமாடிதோறும் பறக்கும் பட்டங்களின் மாஞ்சா நூல் எதையும் அறுக்கும். 2020 மே 20 அன்று வந்த ஆம்பன் புயலை இங்கிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்து, பல பகுதிகளில் மின்சாரமும் தொடர்பும் நாட்கணக்கில் இல்லை.

நம் கம்பத்திலும் ஒரு முனை தளர்ந்திருந்தது. மழை நாட்களில் கம்பி அளவே பாதியாகியிருந்ததை நோட்டு காட்டிற்று. “தாதா, நெட் ஸ்லோ” என்று சொன்ன அன்பர்களுக்கு எல்லாம் “நாளைக்கு வருகிறேன்” என்ற விடையே தந்துவந்த இளைஞர், நோட்டிலுள்ள தேதியையும் மணியையும் படித்துக் காட்டியதும் மறுநாள் காலையிலேயே ஏணியோடு வந்தார். ஒளியளக்கும் சிறு கருவியைச் செருகிப் பார்த்து, “உங்கள் கணக்கு சரி, தாதா” என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு, முனையை வெட்டிப் புதிதாக ஒட்டித் தந்தார். புகார் கொடுக்கும்போது பதிவெண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்க. தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதும் உரிமை 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி நமக்கு உண்டு. பதிவெண் இல்லாத புகார், டிக்கெட் இல்லாத பயணம்.

எஞ்சியது நெல்லைப் பக்கம். மதுரை நண்பருக்கு நாம் தெளிவாகத் தெரியத் தொடங்கியபின்னும், அம்மாவுக்கு இடையிடையே மங்கலாகவே தெரிந்தோம். மதினியிடம் பேசி, அங்கும் அதே விசாரணையை நடத்தச் சொன்னோம். அண்ணன் வீட்டுப் பெட்டி மாடியில், பிள்ளைகள் படிக்கும் அறையில் இருந்தது. அம்மாவின் நாற்காலியோ கீழே, வாசலைப் பார்த்தபடி. அவருடைய கைப்பேசி மாடியிலிருந்து கசியும் வைஃபையை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு, நன்றாக வரும் கைப்பேசி இணைப்பையும் தொடாமல், இரண்டுங்கெட்டானாக நின்றது. அங்கேயும் ஓர் இருபதடி! நாற்காலியை மாடிப்படி அருகே நகர்த்தலாமென்றால் அம்மா உடன்படவில்லை. தெருவில் போகிறவர்களைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஆகவே அங்கும் பெட்டிதான் நகர்ந்தது. அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் கம்பி இழுத்தார்.

இப்போது பேச்சு மறுபடியும் அரைமணி ஓடுகிறது. ஆனால் அதில் நமக்குள்ள பங்கு குறைந்துவிட்டது. உதடு தெளிவாகத் தெரிந்தால் ஆச்சிக்குக் குரலே வேண்டாம் என்பதைப் பேத்தி கண்டுபிடித்துவிட்டாள். கைப்பேசியை முகத்தருகே பிடித்துக்கொண்டு, ஒலியே எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்து ஏதேதோ சொல்கிறாள். அம்மாவும் சத்தமில்லாமல் வாயசைத்தே பதில் சொல்கிறார். அதைப் படிக்கவும் குழந்தை பழகிக்கொண்டிருக்கிறாள் போலும். இடையிடையே இருவரும் நம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், இங்கேயும் விடையில்லை, அங்கேயும் விடையில்லை.